ஓடையைத் தோண்டினால் வறட்சி ஒழியுமா?

'ஜல்யுக்த சிவார்' திட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்கு மகாராஷ்டிர அமைச்சரவை 2022 டிசம்பரில் ஒப்புதல் வழங்கியது. 'சிவார்' என்னும் மராத்தியச் சொல் ஓர் ஊரைச் சூழ்ந்த விளைநிலப் பரப்பு முழுவதையும் குறிக்கும். நம் ஊர்ப்புறங்களில் 'காடுகரை' என்கிறோமே, ஏறத்தாழ அதுதான். காடுகரை எங்கும் நீர் நிறையும் என்பது வாக்குறுதி. 2014 டிசம்பரில் இதே பெயரில் தொடங்கிய முதல் கட்டமும் 2019க்குள் மாநிலத்தை வறட்சியற்றதாக்குவதாகவே அறிவித்தது. அந்த 2019ஆம் ஆண்டுக் கோடையில் 6,000க்கும் மேற்பட்ட தண்ணீர் லாரிகள் கிராமங்களுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

முதல் கட்டத்துக்குச் செலவானது 9,633 கோடி ரூபாய். நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்துவதிலும் கிராமங்களை நீர்த்தன்னிறைவு பெறச் செய்வதிலும் திட்டம் பெரிய பலனளிக்கவில்லை என்று 2020 செப்டம்பரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. அறிக்கை கூறியது. தவறு எங்கே நிகழ்ந்தது என்பதை ஆராயாமலேயே அதே திட்டம் உயிர்ப்பிக்கப்பட்டது.

மண்ணையும் நீரையும் காப்பதற்கு ஒரு வரிசைமுறை உண்டு. முதலில் மேட்டில் அகழிகளும் மரங்களும். அடுத்துச் சரிவில் சமமட்ட வரப்புகள். இறுதியாகத்தான் பள்ளத்தில் தடுப்பணையும் குளமும். மேட்டில் மண் பிடித்து நிறுத்தப்படாவிட்டால், கீழே எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் சில மழைகளில் வண்டல் வந்து மூடிவிடும். ஜல்யுக்த சிவாரில் இவ்வரிசை தலைகீழாயிற்று. ஓடைகளை அகலப்படுத்துவதும் ஆழப்படுத்துவதுமே பெரும்பணியாயின. மண்வெட்டியின் இடத்தை ஜே.சி.பி. பிடித்தது. மணலும் முரம்பும் அகற்றப்பட்டுப் பாறைவரை தோண்டப்பட்ட ஓடை, நீரை நிலத்துள் அனுப்புவதற்கு மாறாக அக்கம்பக்கத்துக் கிணறுகளின் ஊற்றையும் தன்பால் இழுத்துக்கொள்ளும். இதை எதிர்த்துப் பொருளியல் அறிஞர் எச்.எம். தேசர்டா மும்பை உயர்நீதிமன்றத்தை அணுகினார். முன்னாள் தலைமைச் செயலாளர் ஜானி ஜோசப் தலைமையில் குழு ஒன்றும் அமைந்தது.

இயந்திரம் ஏன் விரும்பப்படுகிறது என்பதில் மர்மம் ஏதுமில்லை. மேட்டுப் பணிக்கு வேண்டியது கைகள். பள்ளத்துப் பணிக்கு ஒப்பந்ததாரர் போதும். தமிழ்நாட்டில் 2017இல் 'குடிமராமத்து' என்னும் பழஞ்சொல்லுக்கு நேர்ந்த கதியையும் இங்கே நினைக்கலாம். குடிகள் பெயரளவுக்கு இருந்தனர். மராமத்து வேறு கைகளில் இருந்தது என்ற புகார் பல மாவட்டங்களில் எழுந்தது.

1972ஆம் ஆண்டு வறட்சியின்போது நிலைமை வேறாயிருந்தது. 1973 கோடையில் மகாராஷ்டிர வறட்சி நிவாரணப் பணிகளில் சுமார் 50 லட்சம் பேர் உழைத்தனர். வரப்பும் குட்டையும் சாலையும் அவர்கள் கைகளால் உருவாயின. கூலிக்கான அவர்களுடைய போராட்டங்களின் அழுத்தத்தில் பிறந்த வேலை உறுதித் திட்டம் 1977இல் சட்டமாகி, 1979 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு நிதி திரட்டவே 1975இல் தொழில்வரி விதிக்கப்பட்டது. தாராவியின் பட்டறைத் தொழிலாளியும், மாட்டுங்கா, செம்பூர் அலுவலக ஊழியரும் தம் சம்பளச் சீட்டில் மாதம் 200 ரூபாய் பிடித்தம் என்று காண்பது அந்த வரியைத்தான். மராத்வாடாவின் வரப்புகளில் இம்மாநகரத் தமிழ் உழைப்பாளிகளுக்கும் பங்குண்டு. எனவே அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமையும் உண்டு. வசூலான தொகை முழுதும் வேலைக்காகச் செலவிடப்படவில்லை என்ற குற்றச்சாட்டு பல்லாண்டுகளாக இருந்துவருகிறது.

அத்திட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டதே 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம். ஒப்பந்ததாரருக்கு அதில் இடம் தரப்படவில்லை. செலவில் 60 விழுக்காடு நிலம், நீர், மரம் சார்ந்த பணிகளுக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று அது விதித்தது. நாடு தழுவிய மண்–நீர்ப் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று இருந்ததென்றால் அது இதுவே. இதற்குத்தான் 2023–24ஆம் ஆண்டு ஒன்றிய பட்ஜெட்டில் 60,000 கோடி மட்டும். அதற்கு முந்தைய ஆண்டின் திருத்திய மதிப்பீடு 89,400 கோடி. 2023 ஜனவரி முதல் கைபேசிச் செயலி வழி வருகைப்பதிவும் கட்டாயமாயிற்று. மலைச்சரிவில் அலைவரிசை கிடைக்காத நாளில் வெட்டிய மண்ணுக்குக் கூலி இல்லை!

தேங்கும் நீர் யாருக்கு என்னும் கேள்வியை எந்த அரசுத் திட்டமும் தொடுவதில்லை. சாகுபடிப் பரப்பில் ஏறத்தாழ 4 விழுக்காடே கொண்ட கரும்பு, மகாராஷ்டிரப் பாசன நீரில் சுமார் 70 விழுக்காட்டை உறிஞ்சுகிறது. ஓடையில் நீர் தேங்கினால் ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் உள்ளவரின் கரும்புக்கே அது போய்ச் சேரும். நிலமற்ற தலித் குடும்பத்துக்குக் கிடைப்பது லாரித் தண்ணீர்.

மாற்று வழிக்கு நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. 1982 ஜனவரியில் தொடங்கிய மும்பை பஞ்சாலை வேலைநிறுத்தத்தின்போது ஊர் திரும்பிய தொழிலாளர் பலர், சாங்லி மாவட்டம் கானாப்பூர் வட்டத்தில் 'முக்தி சங்கர்ஷ்' இயக்கத்தில் இணைந்தனர். பரத் பாட்டண்கர் போன்றோர் அதை வழிநடத்தினர். ஏரளா ஆற்று மணலை ஒப்பந்ததாரர்கள் அள்ளிச் சென்றதைத் தடுத்த மக்கள், சிறிதளவு மணலைத் தாமே விற்று, பலவடி, தாந்துள்வாடி ஊர்களுக்காக 'பலிராஜா நினைவு அணை'யைக் கட்டினர். எல்லாக் குடும்பங்களுக்கும், நிலமற்றோருக்கும் நீரில் பங்கு, கரும்பு கிடையாது என்பது ஊராரின் முடிவு. அதற்கு முன்பே புரந்தர் வட்டத்தில் விலாஸ்ராவ் சாளுங்கேயின் 'பாணி பஞ்சாயத்து', நீரை நில அளவால் பங்கிடாமல் தலைக்கணக்கால் பங்கிட்டது. ஜல்யுக்த சிவார் இப்படிகளில் முதற்படியைக்கூட ஏறவில்லை.

மும்பைக்கு நீர் தரும் பாத்சா, தான்சா, மோடக் சாகர் நீர்த்தேக்கங்கள் இருப்பது தாணே மாவட்டத்தின் ஷாஹாபூர் வட்டத்தில். அங்குள்ள ஆதிவாசிக் குடியிருப்புகள் ஆண்டுதோறும் கோடையில் லாரிக்குக் காத்திருக்கின்றன. ஆகவே இது கிராமத்துப் பிரச்சனை என்று நகரத் தோழர்கள் ஒதுங்கிவிட முடியாது. இரண்டாம் கட்டப் பணிகள் வேலை உறுதிச் சட்டத்தின் கீழ், இயந்திரமும் ஒப்பந்ததாரரும் இன்றி, மேட்டிலிருந்து தொடங்கப்பட வேண்டும். ஒவ்வோர் ஊரின் செலவுக் கணக்கும் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். நிலமற்றோரின் நீர்ப்பங்கு அரசாணையிலேயே எழுதப்பட வேண்டும். தொழில்வரி வரவு–செலவை ஆண்டுதோறும் வெளியிடுமாறு கோரும் தீர்மானத்தை மும்பைத் தொழிற்சங்கங்கள் நிறைவேற்றிக் கோடைக்கு முன்பே மந்த்ராலயாவுக்கு அனுப்ப வேண்டும்.