'சின்ன நாடுதானே!' என்று கிளம்பாதீர்கள்

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இப்போது ஒரு புதுப் பெயர் காதில் விழுகிறது. கோஸ்டா ரிகா! 'இந்தத் தடவை நயாகரா வேண்டாம்பா. நாலு மணி நேர ஃப்ளைட். காடு, எரிமலை, கடல், குரங்கு எல்லாமே ஒரே நாட்டுல இருக்கு. ஒரு வாரம் போயிட்டு வந்துடலாம்' என்கிறான் மகன். அப்பா அட்லஸைப் புரட்டுகிறார். மத்திய அமெரிக்காவில், நிகராகுவாவுக்கும் பனாமாவுக்கும் நடுவே ஒரு சின்னத் துண்டு. 'அட, இவ்வளவுதானா? ஒரு வாரம் தாராளம்!' என்று அவரும் தலையாட்டி விடுகிறார்.

தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது என்பேன்.

அளவில் அது சின்ன நாடுதான். பரப்பு சுமார் 51,100 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டில் பாதிகூட வராது. மக்கள்தொகை ஏறக்குறைய 50 லட்சம். ஆனால் உலகத்திலுள்ள உயிரின வகைகளில் சுமார் 5 சதவிகிதம் இங்கே இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். நாட்டு நிலத்தில் கால் பங்குக்கு மேல் பாதுகாக்கப்பட்ட காடு. 1948-ல் ராணுவமே வேண்டாம் என்று கலைத்துவிட்ட நாடு. பார்க்க வேண்டிய நாடு, சந்தேகமே இல்லை. எப்படிப் பார்ப்பது என்பதில்தான் எனக்கு மாற்றுக் கருத்து.

வரைபடம் சொல்லாத சமாச்சாரம்

அரேனால் எரிமலை அடிவாரத்தில் லா ஃபோர்ட்டுனா என்ற ஊர். அதற்குத் தென்மேற்கே மலைமேல் மான்டேவெர்டே என்ற மேகக்காடு. வரைபடத்தில் பார்த்தால் விரல்கடை தூரம். ஆனால் நடுவில் ஏரியும் மலையும் இருக்கிறதே! ஏரியைச் சுற்றிக்கொண்டு காரில் போனால் மூன்று, நாலு மணி நேரம் ஆகிவிடும். தலைநகர் சான் ஹோசேயிலிருந்து லா ஃபோர்ட்டுனா போகவே மூன்று மணி நேரம். ஆமை முட்டையிடும் டோர்ட்டுகேரோ கிராமத்துக்கோ சாலையே கிடையாது. படகு, இல்லாவிட்டால் குட்டி விமானம்.

உயரமும் அப்படித்தான். கடற்கரையில் வியர்த்துக் கொட்டும். சான் ஹோசே 1,100 மீட்டருக்கு மேலே. மான்டேவெர்டே இன்னும் மேலே, அங்கே சாரலும் குளிர்காற்றும். இராசு எரிமலை உச்சி 3,432 மீட்டர். அங்கே கார் போகிறதே என்று இதய நோய், மூச்சு இரைப்பு உள்ளவர்களைக் கேட்காமல் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது.

இப்போது நம் வீட்டுத் திட்டத்தைப் பாருங்கள். 'ஏழு நாள், ஆறு ஊர், இரண்டு கடல்!' காலையில் ஆறு மணிக்குப் பெட்டி கட்டு, வளைந்து வளைந்து மலையேறு, சாயங்காலம் இன்னொரு ஹோட்டலில் பெட்டியைப் பிரி. மூன்றாவது நாளே அம்மாவுக்குக் கால் வீங்கும், அப்பாவுக்குச் சுகர் ஏறி இறங்கும், குழந்தைக்கு வாந்தி. அப்புறம், 'நீங்க ரூம்லயே இருங்க, நாங்க போயிட்டு வர்றோம்' என்ற வசனம் வந்துவிடும். இவ்வளவு தூரம் வந்து ஹோட்டல் ஜன்னல் வழியாகவா ஒரு பெரியவர் காட்டைப் பார்க்க வேண்டும்?

யார் காலை வைத்துத் திட்டம்?

என் கருத்து இதுதான். பயணத் திட்டத்தை வீட்டிலேயே பலசாலியை வைத்துப் போடாதீர்கள். யாருக்கு மூட்டுவலியோ, யாருக்குச் சீக்கிரம் மூச்சு வாங்குமோ, அவர் காலை வைத்துப் போடுங்கள். பத்து நாள் என்றால் மூன்று இடம் போதும். ஒவ்வொரு இடத்திலும் மூன்று ராத்திரி. இடம் மாறுகிற நாளில் வேறு எதுவும் வேண்டாம்.

'இத்தனை லட்சம் செலவழிச்சு மூணே இடமா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் காடு மியூசியம் இல்லையே, வரிசையாகப் பார்த்துக்கொண்டே போக! அங்கே ஸ்லாத் என்று ஒரு பிராணி இருக்கிறது. மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கும். வாரத்துக்கு ஒரு முறைதான் மலம் கழிக்கக் கீழே இறங்கும். இலைக்கு நடுவே இலையாகக் கிடக்கிற அதை, வேகமாக நடக்கிறவர் பார்க்கவே முடியாது. நின்று, அண்ணாந்து, பொறுமையாகத் தேடுகிறவருக்குத்தான் அகப்படும். சொல்லப்போனால், மெதுவாக நடக்கிற தாத்தா பாட்டிக்குத்தான் அந்தக் காடு ஏற்றது! உள்ளூர் வழிகாட்டி ஒருவரை இரண்டு மணி நேரத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டால், ஓடி ஓடிப் பார்த்ததைவிட அதிகம் பார்ப்பீர்கள்.

எந்த மாதம்?

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பசிபிக் பக்கம் வெயில் காலம். கூட்டமும் வாடகையும் அதிகம். மே முதல் நவம்பர் வரை மழை. பெரும்பாலும் காலையில் வெளுத்து, பிற்பகலில் கொட்டும். கரீபியன் பக்கம் கணக்கே வேறு. அங்கே வருஷம் பூராவும் மழை உண்டு, செப்டம்பர், அக்டோபரில்தான் கொஞ்சம் ஓயும். பச்சை ஆமைகள் டோர்ட்டுகேரோவில் முட்டையிடுவது ஜூலையிலிருந்து அக்டோபர் வரை. இரவில் வழிகாட்டியோடுதான் போக வேண்டும். டார்ச், கேமரா எதற்கும் அனுமதி இல்லை. பேரன் அடம் பிடித்தாலும் செல்போனை அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும்.

டாக்டரிடம் முதலில் போங்கள்

டிராவல் ஏஜென்டைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் குடும்ப டாக்டரைப் பாருங்கள். குறைந்தது ஆறு வாரம் முன்னதாக. முக்கியமான சில விஷயங்கள்:

மாத்திரை, இன்சுலின் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் இன்சுலின் உறைந்து கெடலாம். பிரிஸ்கிரிப்ஷன் நகலும் கூடவே இருக்கட்டும். கோஸ்டா ரிகா நேரம் நமக்குப் பதினொன்றரை மணி நேரம் பின்னால். இந்தியாவிலிருந்தே நேரே கிளம்புகிறவர்கள் இன்சுலின் வேளையை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அங்கே டெங்கு உண்டு. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். முழுக்கைச் சட்டை, கொசு விரட்டும் களிம்பு இரண்டும் வேண்டும். வெயில் கிரீம் முதலில், களிம்பு அதற்கு மேல். ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், 'கோஸ்டா ரிகா போயிருந்தேன்' என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். டெங்கு இல்லை என்று தெரிகிற வரை பாரசிட்டமால் மட்டும்தான். ஆஸ்பிரின், புரூஃபென் வகையறாவை நீங்களாக விழுங்க வேண்டாம். இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பிரேசில், பெரு, கொலம்பியா பக்கம் போய்விட்டு அங்கிருந்து கோஸ்டா ரிகா போவதாக இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். பத்து நாள் முன்னதாகவே போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். 60 வயதைத் தாண்டியவர்கள் டாக்டரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது.

லா ஃபோர்ட்டுனாவில் எரிமலைச் சூட்டில் வரும் வெந்நீர் ஊற்றுகள் பிரபலம். மூட்டுக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் பி.பி.காரர்களும் இதய நோயாளிகளும் அதிகச் சூடான குளத்தில் இறங்க வேண்டாம். மிதமான சூட்டில் பத்து நிமிஷம் போதும். எழும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்திருங்கள். கர்ப்பிணிகள் தவிர்ப்பதே நல்லது.

பயப்பட வேண்டியது எதற்கு?

பாம்பு என்றால் எல்லோரும் நடுங்குகிறார்கள். அங்கே டெர்சியோபெலோ என்ற விஷப் பாம்பு உண்டுதான். பாதையை விட்டு விலகாமல், மூடிய ஷூ போட்டு நடந்தால் ஆபத்து மிகக் குறைவு. கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட இடத்தை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவசர உதவிக்கு 911. அந்த நாட்டுப் பாம்புகளுக்கான மருந்தை அவர்களே, 1970-ல் தொடங்கிய குளோடோமிரோ பிக்காடோ ஆய்வு நிலையத்தில் தயாரிக்கிறார்கள்.

நான் அதிகம் பயப்படச் சொல்வது கடலுக்கு! பசிபிக் கரையில் பல இடங்களில், கரையிலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டு போகும் நீரோட்டம் உண்டு. நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் இழுக்கும். பல கடற்கரைகளில் காவலரே இல்லை. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். அதில்தான் களைத்துப் போய் மூழ்குகிறார்கள். மிதந்தபடி கையை உயர்த்துங்கள். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள். பேரக் குழந்தைகளைக் கணுக்கால் அளவுக்கு மேல் விடவே வேண்டாம்.

சாப்பாட்டுக்கு என்ன?

கவலையே வேண்டாம், அங்கேயும் சோறுதான்! காலையிலேயே சாதமும் கறுப்பு பீன்ஸும் கலந்த 'காயோ பின்டோ'. மதியம் சாதம், பீன்ஸ், சாலட், வறுத்த நேந்திரம்பழம் போன்றது. சைவர்கள் 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காடோ' என்று மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மாமிசம், கோழி, மீன் வேண்டாம் என்று அர்த்தம். பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பதும் உண்டு, கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சுகர் உள்ளவர்கள் இரண்டு வேளைச் சாதத்தில் ஒரு வேளையைப் பாதியாக்குங்கள். பெரும்பாலான ஊர்களில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். ஒதுக்குப்புறமான இடங்களில் பாட்டில் தண்ணீர்.

விசா விஷயம் மாறிக்கொண்டே இருப்பது. டிக்கெட் வாங்குமுன் புது டெல்லியிலுள்ள கோஸ்டா ரிகா தூதரகத்தில் கேட்டுவிடுங்கள். அமெரிக்கப் பயணத்துக்கு எடுத்த மெடிக்கல் இன்ஷூரன்ஸ் அங்கேயும் செல்லுமா என்று பாலிசியைப் பிரித்துப் படியுங்கள். செல்லாவிட்டால் தனியாக எடுங்கள். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. 1980-களில் மாட்டுப் பண்ணைக்காகவும் மரத்துக்காகவும் காட்டை வெட்டித் தள்ளிய நாடுதான் இது. 1996-ல் காட்டுச் சட்டம் கொண்டுவந்து, மறு வருஷத்திலிருந்து மரத்தை வெட்டாமல் காப்பாற்றும் நிலச்சொந்தக்காரர்களுக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்தார்கள். இன்று நாட்டில் பாதிக்கு மேல் மறுபடியும் காடு. அவ்வளவு பொறுமையாக வளர்த்த காட்டை நாம் ஏழே நாளில் ஓடிப் பார்த்து முடிப்பானேன்?

இன்று ராத்திரியே ஒரு தாளை எடுங்கள். போகப்போகிற ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, எதிரே அவர் சாப்பிடும் மாத்திரை, ஒரே மூச்சில் நடக்கக்கூடிய தூரம், கார் பயணம் தாங்கும் நேரம் மூன்றையும் குறியுங்கள். அம்மாவைக் கேட்டு எழுதுங்கள், நீங்களாக எழுதாதீர்கள். அதற்கப்புறம் அட்லஸைத் திறக்கலாம்!