பச்சை பூசினால் சிக்னல் வந்துவிடுமா, சார்?

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் செல்போன் சிக்னல் கிடைக்கவில்லை என்று சொன்னால், பொறியாளர் சார் ஒருவர் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார். அளவீடு முடிந்துவிட்டதாம். மென்பொருள் பிடிஎஃப் அறிக்கை கொடுத்துவிட்டதாம். அதில் ஊர் முழுக்கப் பச்சையாம். பிறகு எதற்கு அந்தத் தரவை வெளியே எடுத்துக் கூகுள் எர்த்திலும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளிலும் ஏற்ற வேண்டும், ஆளாளுக்குக் குழப்பவா என்று கேட்கிறார்.

அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது என்று மட்டும் சார் சொல்லவில்லை. கருவியை வண்டியில் வைத்துச் சாலையில் ஓட்டித்தான் அளக்கிறார்கள். இங்கே பெரிய சாலை என்றால் தேசிய நெடுஞ்சாலை 66. இதே வட்டாரத்துத் திருப்புறம் கிராமமோ நெடுஞ்சாலையை விட்டு விலகி, பூவார் போகும் வழியில் இருக்கிறது. வண்டி நுழையாத தென்னந்தோப்புக்கும் பள்ளத்து வீட்டுக்கும், பக்கத்துச் சாலையில் கிடைத்த எண்களை வைத்து மென்பொருளே ஊகித்து நிறம் பூசிவிடும். ஊகிப்பதில் தப்பில்லை. அளந்ததையும் ஊகித்ததையும் ஒரே பச்சையில் காட்டுவதற்குப் பெயர் ஏமாற்று. அளந்த தரவைச் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக எடுத்து வரைபடத்தில் ஏற்றினால் அளந்த இடங்கள் மட்டும் புள்ளி புள்ளியாக நிற்கும். எட்டிக்கூடப் பார்க்காத இடம் வெறுமையாகக் கிடக்கும். சார் பயப்படும் குழப்பம் இதுதான்.

பச்சை எந்த எண்ணில் தொடங்குகிறது என்பதும் படம் போடுபவர் கையில்தான். மைனஸ் 80 டெசிபலுக்கும் மைனஸ் 110 டெசிபலுக்கும் வலிமையில் ஆயிரம் மடங்கு வித்தியாசம். எல்லைக்கோட்டைக் கீழே இறக்கி வைத்தால் இரண்டும் ஒரே பச்சைதான்.

இது மாநில எல்லையோர வட்டாரம் என்பதையே சார் மறந்துவிட்டார். தமிழ்நாடும் கேரளமும் தொலைத்தொடர்பில் தனித்தனி வட்டங்கள். ஏர்டெல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்: தமிழ்நாட்டில் அதன் வலையமைப்புக் குறியீடு 404-94, கேரளத்தில் 404-95. எல்லையில் களியக்காவிளைப் பக்கம் நிற்பவரின் போனில் நாலு கோடு தெரியலாம். அது எந்த மாநிலக் கோபுரத்தின் தயவு என்பது வண்ணப்படத்தில் இருக்காது, மூலக் கோப்பில் இருக்கும். அந்தக் குறியீட்டை வைத்து நிறம் பிரித்துப் பார்த்தால்தான் எந்த வட்டத்து அலுவலகத்தில் மனு கொடுப்பது என்பதே தெரியும்.

சாதாரண போன் அளவை நம்ப முடியாது என்கிறார். பொதுமக்களின் போனிலிருந்தே வேகத்தையும் சிக்னலையும் திரட்டத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2016-இல் மைஸ்பீட் செயலியை வெளியிட்டதே, அது எதற்காம்? ஒரே போனைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தெருக்களை ஒப்பிடும்போது போனின் குறை இரண்டு தெருவுக்கும் பொதுதானே.

அடுத்து, வரைபடத் தரவு திரட்ட அனுமதி வேண்டும் என்று சட்டத்தைக் காட்டி மிரட்டுகிறார். 2021 பிப்ரவரி 15 அன்று மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட நெறிமுறைகளை அவர் படிக்கவில்லை போலும். இந்தியர்கள் வரைபடத் தரவு திரட்ட முன்அனுமதி வேண்டாம் என்று ஆகிவிட்டது. அதில் சொல்லும் துல்லிய வரம்பு கிடையாக 1 மீட்டர். நம் போனின் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சில மீட்டர் தள்ளித்தான் காட்டும்; அந்தத் துல்லியத்தை எட்டவே எட்டாது.

கோப்பை மாற்றும்போது தவறு வரும் என்பது கடைசி அம்பு. வரும்தான். கூகுள் எர்த்தில் ஏற்றும் கேஎம்எல் கோப்பில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. மாற்றிப் போட்டால் நெய்யாற்றின்கரை ஸ்வால்பார்டுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் போய் விழும். அந்தத் தவறை யாரும் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார்கள். பச்சைக்குள் மறைந்த ஓட்டையை யார் பிடிப்பது? கியூஜிஐஎஸ் நமக்குப் புரியாது என்ற இளக்காரமும் வேண்டாம். கேரளத்தின் பத்தாம் வகுப்புப் பாடப்புத்தகத்திலேயே வந்த மென்பொருள் அது.

2024 ஆகஸ்டில் வந்த ட்ராயின் சேவைத் தர விதிகள், சேவை கிடைக்கும் இடங்களை வரைபடமாக இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று நிறுவனங்களுக்குச் சொல்கின்றன. அந்த வரைபடத்தைச் சரிபார்க்க நம் கையிலும் புள்ளிகள் வேண்டும். ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அளந்த இடம், தேதி, அலைவரிசை, வட்டக் குறியீடு எல்லாம் உள்ள மூலக் கோப்பு இல்லாமல் யாராவது பிடிஎஃப்பை மட்டும் நீட்டினால், கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள்.