தலைவிதியா, கல்நார்த் தூசியா?

இராயபுரத்திலோ, திருவொற்றியூரிலோ, எண்ணூரிலோ ஒரு தொழிலாளி ஐம்பத்தைந்து வயதில் மூச்சு வாங்கி மூச்சு வாங்கிச் செத்துப்போனால், நம் ஜனங்கள் சொல்லும் காரணம் என்ன? தலைவிதி என்கிறார் ஒருவர். சனி பிடித்தது என்கிறான் சோதிடன். இவை போதாவென்று, பெண்டாட்டிக்கு மாங்கல்ய தோஷம் என்று அந்த விதவையின் தலையிலேயே பழியைப் போட்டு, அவளை மூலையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். அவன் முப்பது வருஷமாய் என்ன வேலை செய்தான், எந்தத் தூசியை மூச்சில் இழுத்தான் என்று மாத்திரம் எவரும் கேட்பதில்லை.

கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் என்பது நெருப்பில் வேகாத ஒரு கல். பஞ்சுபோல நார் நாராகப் பிரியும். ஆனதால் கப்பல் எஞ்சின் அறையிலும், பாய்லரிலும் நீராவிக் குழாய்க்கு அதைச் சுற்றுவது உலகமெங்கும் வழக்கமாயிருந்தது. லாரி பிரேக்கிலும், ஏழை வீட்டுக் கூரை ஷீட்டிலும் சேர்த்தார்கள். துறைமுகமும், ஆலையும், லாரியும், ஷீட் கூரையும் நிறைந்த வடசென்னைக்கு இது அந்நியச் சரக்கல்ல. அறுத்தாலும், துளைத்தாலும், உடைத்தாலும் கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும். உள்ளே போன நார் நுரையீரலைத் தழும்பாக்கி இறுக்குகிறது. நுரையீரலிலும் அதன் உறையிலும் புற்றுநோயை உண்டாக்குகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நோய் தலைகாட்டப் பெரும்பாலும் 20 முதல் 40 வருஷம் பிடிக்கிறது. இந்த இடைவெளிதான் முதலாளிக்கும் சோதிடனுக்கும் கூட்டு மூலதனம்! அதற்குள் ஆள் வேலையை விட்டு நின்றிருப்பான். காண்டிராக்டர் போன இடம் தெரியாது. தொழிலைக் கேட்காத டாக்டர், காசம் என்று மருந்தெழுதிக் கொடுத்துவிடுவதும் உண்டு.

தோஷக்காரி என்று தூற்றப்பட்ட அந்தப் பெண்ணைப் பற்றி இன்னொன்று. புருஷனுடைய தூசிச் சட்டையை உதறித் துவைத்த பெண்களுக்கே இந்நோய் வந்திருப்பதை வைத்தியர்கள் பல தேசங்களில் கண்டிருக்கிறார்கள். அவளால் அவன் சாகவில்லை. அவன் சட்டையால் அவள் சாகக்கூடும்.

இது நேற்றுக் கண்ட விஷயமுமல்ல. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் கல்நார் ஆலையில் வேலை செய்த நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924-ல் 33-வது வயதில் இறந்தார். கம்பெனி நஷ்டஈடு கொடுக்க மறுத்துவிட்டது. 1930-ல் மெரிவெதர் என்ற சர்க்கார் டாக்டர் ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். 1931-ல் அங்கே சட்டம் வந்தது. உலகத்துக்கெல்லாம் வெட்டி விற்ற கனடாவே 2018-ல் தடை செய்தது. அங்கே ஆஸ்பெஸ்டாஸ் என்றே பெயர் கொண்டிருந்த ஓர் ஊர், அந்தப் பெயர் வேண்டாமென்று 2020-ல் மாற்றிக்கொண்டது. நமது சர்க்காரோ 1986-ல் புதிய கல்நார்ச் சுரங்கக் குத்தகை கொடுப்பதை நிறுத்திவிட்டு, வெளிநாட்டுக் கல்நாரைக் கப்பலில் இறக்க மாத்திரம் விட்டு வைத்திருக்கிறது. தோண்டினால் விஷம், இறக்கினால் அமிர்தமோ?

நிற்க. கூரையை நாளைக்கே பிடுங்கு என்று ஏழையிடம் சொல்லுவது பணக்காரப் பேச்சு. நெருப்புக்குப் பயந்து ஓலையை விட்டு ஷீட் போட்டவன் அவன். உடையாத ஷீட்டில் அபாயம் குறைவு. துளை போடுவதும், ரம்பம் வைப்பதும்தான் வேண்டாம். புயலில் உடைந்ததை உலர்ந்தபடியே பெருக்காமல், நனைத்து எடுத்துக் கட்டி வையுங்கள்.

கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருஷம் அல்லது விலகியபின் 15 வருஷம், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டுமென்று 1995-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அந்தப் பதிவேடு எங்கே என்று தொழிற்சங்கங்கள் முதலாளிகளைக் கேட்கட்டும். இருமலோடு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகும் தோழர்கள், சீட்டில் பெயர், வயதோடு தாம் செய்த வேலையையும் எழுதச் சொல்லட்டும்.