பிலிப்பு ஏறிய இரதம்

காசாவுக்குச் செல்லும் வனாந்தர மார்க்கத்தில், ஏசாயாவின் ஆகமத்தை வாசித்தபடி இரதத்தில் வந்த எத்தியோப்பிய மந்திரியை அணுகிய பிலிப்பு, உடனே பிரசங்கத்தைத் தொடங்காமல், வாசிப்பது விளங்குகிறதா என்று வினவி, அவர் அழைத்த பிறகே அருகில் ஏறியமர்ந்து, அவர் கேட்ட கேள்வியிலிருந்தே தம் சாட்சியைத் தொடங்கினார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. இந்தப் பிலிப்பு பன்னிருவரில் ஒருவரல்லர். பந்தி விசாரணைக்கென நியமிக்கப்பட்ட எழுவரில் ஒருவர்.

இவ்வாறு முதலில் செவிமடுத்துப் பின் சாட்சி பகர்வதற்கு நம் திருவிதாங்கூரிலும் ஓர் உத்தம உதாரணம் உண்டு. 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் மார்த்தாண்ட வர்ம மகாராஜாவின் சேனையைப் பயிற்றுவித்த டிலனாய் குருவானவரல்லர், போர்வீரரே. எனினும், அரண்மனை உத்தியோகஸ்தரான நீலகண்ட பிள்ளை குடும்ப நஷ்டங்களால் மனமுடைந்திருந்த வேளையில், அவருடைய துயரத்தைக் கேட்டறிந்து, யோபுவின் சரித்திரத்தைச் சொல்லித் தேற்றினார் என்பது பரம்பரையாக வழங்கும் செய்தி. அந்த ஆறுதலின் பயனாகவே பிள்ளையவர்கள் 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயமானார். விசுவாசத்தைக் கைவிடாமல் 1752-இல் ஆரல்வாய்மொழியருகே உயிர்நீத்த அவரை, 2022 மே 15-இல் ரோமாபுரி புனிதராகப் பிரகடனம் செய்தது.

பேராலயமும் பள்ளிவாசலும் கணபதி கோயிலும் அருகருகே நிற்கும் திருவனந்தபுரத்துப் பாளையத்தில், ஒலிபெருக்கியின் பலத்தால் விசுவாசத்தைப் பரப்ப முயல்வது பிலிப்பு காட்டிய மார்க்கமன்று என்பது என் திடமான அபிப்பிராயம். சாட்சி பகர விரும்பும் இளைஞர்கள், அயலாரின் துயரத்தையும் சந்தேகத்தையும் முதலில் பொறுமையோடு செவிமடுக்கப் பழகுவார்களாக.