கௌதாரிக்கு லைசென்ஸ் இருந்துச்சு பாஸ்!

ஸ்டடி லீவுக்கு ஆனைமலை போயிருந்தேன். தோப்பு வேலியில கௌதாரிக்குக் கண்ணி வெச்சிருந்தான் மாமா பையன். “ஒரு கௌதாரிக்கெல்லாமா கேஸு?”னு சிரிச்சார் அப்பிச்சி.

அவர் காலம் வேற. 1972 வனவிலங்குச் சட்டத்துல கௌதாரி ‘சின்ன வேட்டை’, புள்ளிமான் ‘பெரிய வேட்டை’. ரெண்டுக்கும் தனித்தனி லைசென்ஸ்! குட்டியையும் பெட்டையையும் தனி அனுமதி இல்லாம தொடக்கூடாது. 1991-ல லைசென்ஸையே தூக்கிட்டாங்க. 2022 திருத்தத்துல அபராத உச்சவரம்பு 25,000-லிருந்து 1 லட்சம் ஆச்சு. ஜெயில் 3 வருஷம் வரை. அதுவும் சாதாரணப் பிரிவுலயே!

ஹாஸ்டல் மச்சி ‘காட்டுக்கறி’னு கூப்பிட்டா உஷார், கறி கையில இருந்தாலே கேஸ்தான். (ஹோட்டல் காடை பண்ணையில வளர்ந்தது. தாராளமா வெட்டுங்க!)

சாயங்காலம் அப்பிச்சியே கண்ணியை அறுத்துட்டு வந்தார். மாமா பையன் இன்னும் என்கூடப் பேசலை.