அழித்த கோடுகளின் கணக்கு



“பையனுக்குப் படம் வரைவதில்தான் நாட்டம், பாடத்தில் இல்லை” என்று குறைப்பட்டுக்கொள்ளும் பெற்றோரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீங்களே அவர்களுள் ஒருவராகவும் இருக்கலாம். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைக் கோடுகளால் நிரப்பும் பிள்ளைக்கு நம் வீடுகளில் ஏச்சுத்தான் கிடைக்கிறது. திருமண வீட்டில் ஒரு கைக்கு இட்ட மருதாணி வடிவம் மறு கைக்கு வராதபடி புதிது புதிதாக இடும் பெண்ணுக்கோ, “நல்ல கை” என்ற பாராட்டோடு கதை முடிந்துவிடுகிறது. அந்த நாட்டம் முறையான படிப்பாகவும், குடும்பத்தைத் தாங்கும் தொழிலாகவும் ஆகக்கூடும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வடிவமைப்பு என்னும் துறையில் ஒரு மாணவன் என்ன செய்கிறான், எவ்வாறு சிந்திக்கிறான் என்பதை இம்மாதம் சற்று விரிவாகக் காண்போம்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஓவியமும் வடிவமைப்பும் ஒன்றா? இரண்டுக்கும் கையும் கண்ணும் பொதுவே. ஆயினும் வடிவமைப்பாளன் வரைவது மற்றொருவரின் பயன்பாட்டிற்காக. 1958ஆம் ஆண்டு இந்திய அரசின் அழைப்பின் பேரில் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் ஓர் அறிக்கை அளித்தனர். அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்ற அதுவே வழிவகுத்தது. இந்நாட்டில் தாம் கண்ட பொருள்களுள் அவர்கள் மிகவும் வியந்து போற்றியது எதனைத் தெரியுமா? நம் வீட்டுச் செம்பை! எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், இடுப்பில் எப்படி அமர வேண்டும், நிறைந்திருக்கும்போதும் குறைந்திருக்கும்போதும் எப்படி நிலைகொள்ள வேண்டும், உள்ளே கைவிட்டுத் துலக்க முடியுமா, விலை என்ன ஆகும் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்ட கேள்விகளின் விடையாக அச்செம்பு விளங்குவதை அவர்கள் எடுத்துக்காட்டினர். கேள்விகளை முதலில் அடுக்கிக்கொண்டு, பிறகு கோடு போடத் தொடங்குவதே இத்துறையின் முதற்பாடம்.

தறி கற்பிக்கும் பாடம்

கோயில்களும் பட்டுத் தறிகளும் சூழ்ந்த காஞ்சிபுரத்தில் வாழும் நமக்கு இது புதிய செய்தியன்று. சேலைக் கரையில் ஒரு மயில் வர வேண்டுமாயின் அது முதலில் வெறுந்தாளில் வரையப்படும். பின்பு கட்டமிட்ட கிராப் தாளுக்கு மாற்றப்படும். நெடுக்கு வரிசை பாவு நூலையும், குறுக்கு வரிசை ஊடை நூலையும் குறிக்கும். ஜரிகை மேலே தெரிய வேண்டுமா, உள்ளே மறைய வேண்டுமா என்ற ஒரே கேள்விக்கு ஒவ்வொரு கட்டத்திலும் விடை சொல்லியாக வேண்டும். அந்த விடைகளே அட்டைகளில் துளைகளாகின்றன. துளையிட்ட அட்டைகளால் தறியை நடத்தும் பொறியை 1804இல் பிரான்சு நாட்டவரான ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கினார். இன்றும் நெசவாளர் நாவில் அவர் பெயரே அப்பொறியின் பெயராக வழங்குகிறது. கிராப் தாளின் வேலையை இப்போது பல இடங்களில் கணினி ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஆனால் கணினி வந்தபின்னும் தறியின் சட்டம் மாறவில்லை. தாளில் வழுவழுப்பாக ஓடும் மயிலின் கழுத்து, கட்டங்களில் ஏறும்போது படிக்கட்டாகிவிடும். எந்தப் படியைச் சேர்த்தால், எதனைக் குறைத்தால் கண்ணுக்கு வளைவாகத் தோன்றும் என்று அறிந்தவனே அதைச் சீராக்க முடியும். ஜரிகை நெடுந்தூரம் பிடிப்பின்றி மிதந்தால், உடுத்துபவரின் வளையலில் சிக்கி இழுபடும். ஆகவே இடையிடையே அதனைக் கட்டிப்போட வேண்டும். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக அமையும் கோர்வைச் சேலையில் இரண்டும் சேரும் கோட்டை மறந்துவிட்டு எவரும் வடிவம் போட இயலாது. தறியை அறியாதவர் வரைந்த அழகிய படம் நெய்ய முடியாத படமாகத் தாளிலேயே தங்கிவிடும்.

தறிக்குச் சொன்ன இப்பாடம் எழுத்துக்கும் பொருந்தும். ஓவியர் கே.எம். ஆதிமூலம் மத்திய அரசின் நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்புப் பணி புரிந்தவர். தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் அவர் வரைந்து தந்த தலைப்பெழுத்துகள் தனி முத்திரை பெற்றவை. அரபு அழகெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாக்தாதில் அப்பாசியரின் அமைச்சராக இருந்து 940இல் மறைந்த இப்னு முக்லா, நாணற்பேனா தாளில் பதிக்கும் சாய்சதுரப் புள்ளியையே அளவுகோலாக்கினார். ‘அலிஃப்’ இத்தனை புள்ளி உயரம். அந்த உயரத்தை விட்டமாகக் கொண்ட வட்டத்திற்குள் ஏனைய எழுத்துகளின் வளைவுகள் அடங்க வேண்டும் என்பது முறை. அவர் புள்ளியை எண்ணினார். நம் ஊர் நெசவாளர் கட்டத்தை எண்ணுகிறார்.

கள்ளக்குறிச்சி மாணவரின் குறியீடு

இனி, நம் காலத்து மாணவர் ஒருவரைக் காண்போம். கள்ளக்குறிச்சியில் பிறந்த த. உதயகுமார், அண்ணா பல்கலைக்கழகத்தில் 2001இல் கட்டடக்கலைப் பட்டம் பெற்றார். பின்னர் மும்பை ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையத்தில் காட்சித் தொடர்பு வடிவமைப்பில் முதுநிலை பயின்றார். அங்கே அவர் உருவாக்கிய தமிழ் எழுத்துருவின் பெயர் ‘பராசக்தி’.

எழுத்துரு செய்வது எளிய வேலையா? தமிழின் 247 எழுத்துகளும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளாகத் தோன்ற வேண்டும். ‘க’வின் வளைவைச் சற்றே திருத்தினால், அதன் சாயலுள்ள ‘த’வையும் ‘ச’வையும் திருத்தியாக வேண்டும். அதற்குமேல் வரலாற்றின் சுமையும் உண்டு. ஓலையில் கீறிய காலத்தில் ஏடு கிழியாதிருக்கப் புள்ளியை விட்டு எழுதினர். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானபோது அவ்வெழுத்து உலோக அச்சாயிற்று. இன்று அது கணினித் திரையில் ஒளிப்புள்ளிகளாக நிற்கிறது. எழுதப்படும் பொருள் மாறும்போதெல்லாம் எழுத்தின் உருவையும் புதிதாகச் சிந்திக்க வேண்டியதாயிற்று. உதயகுமார் தமிழ் அச்செழுத்துகளையே முனைவர் பட்ட ஆய்வுக்கும் எடுத்துக்கொண்டார்.

அவர் ஆய்வு மாணவராக இருந்த 2009ஆம் ஆண்டில், இந்திய ரூபாய்க்கு ஒரு குறியீடு வேண்டி மத்திய நிதியமைச்சகம் போட்டி அறிவித்தது. நாட்டின் பண்பாட்டைக் காட்ட வேண்டும். கணினி விசைப்பலகையிலும் பொருந்த வேண்டும் என்பன நிபந்தனைகள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. ஐந்து மட்டும் இறுதிச் சுற்றை எட்டின. 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை உதயகுமாரின் வடிவத்தை ஏற்றது. பரிசுத்தொகை 2.5 லட்சம் ரூபாய். அவ்வாண்டு அக்டோபரில் உலகக் கணினி எழுத்துத் தொகுப்பான யூனிகோடில் அது இடம்பெற்றது. 2011இல் நாணயங்களிலும் பொறிக்கப்பட்டது.

அந்தக் குறியீட்டை ஒருமுறை உற்றுநோக்குங்கள்: ₹. தேவநாகரி ‘ர’ தெரிகிறது. ஆங்கில ‘ஆர்’ எழுத்தும் தெரிகிறது. ஆனால் அதன் இடப்புறச் செங்குத்துக் கோடு அங்கே இல்லை! வரைந்தவர் அதை நீக்கிவிட்டார். பார்ப்பவரின் கண் அதை நிரப்பிக்கொள்கிறது. மேலே உள்ள இரு கிடைக்கோடுகளும் இடையிலுள்ள வெளியும் மூவர்ணக் கொடியை நினைவூட்டுகின்றன. அதே கோடுகள் கணக்கில் வரும் சமக்குறியாகவும் நிற்கின்றன. ஒரே கோடு இரண்டு மூன்று பணிகளைச் செய்வதனால் வேறு கோடுகளுக்கு அங்கே தேவை ஏற்படவில்லை. இத்தனை பொருளையும் எவரும் சில நொடிகளில் எழுதிவிடலாம். காய்கறிக் கடைக்காரர் தம் விலைப் பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதுவதைவிட ஒரு வடிவமைப்புக்கு வேறென்ன சான்று வேண்டும்?

பெற்றோர் பார்க்க வேண்டியது

அன்பர்களே! படம் வரையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இத்துறை ஒத்துவரும் என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் மகனோ மகளோ வரைந்து முடித்த ஓவியத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதற்குமுன் வரைந்து கழித்த தாள்களைக் கேளுங்கள். ஒரே மருதாணி வடிவத்தைப் பத்து விதமாகப் போட்டுப் பார்த்த சுவடு அவற்றில் உண்டா? “இதை ஏன் விட்டுவிட்டாய்?” என்று கேட்டால் காரணம் வருகிறதா? குறை சொன்னால் முகம் வாடி ஒதுங்காமல் மீண்டும் பென்சிலை எடுக்கும் மனம் இருக்கிறதா? இருக்குமாயின் அப்பிள்ளையைத் தடுப்பது நியாயமன்று. குறிப்பாக, பள்ளிப் படிப்போடு நிறுத்திவிட எண்ணும் பெண்பிள்ளைகளின் விஷயத்தில் இதை இருமுறை சிந்தியுங்கள்.

படிக்க வழிகள் பல உள்ளன. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன; சென்னைக் கல்லூரியின் தொடக்கம் 1850ஆம் ஆண்டிற்குச் செல்கிறது. நெசவுத் தொழில்நுட்பம் பயில விரும்புவோர்க்குச் சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் உண்டு. சென்னையில் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் இயங்குகிறது. மும்பை, குவஹாத்தி உள்ளிட்ட ஐ.ஐ.டி.க்களின் இளநிலை வடிவமைப்புப் படிப்பிற்கு ‘யூசீட்’ என்னும் நுழைவுத் தேர்வு நடைபெறுகிறது. அறிவியல், வணிகவியல், கலை என எப்பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவரும் அதனை எழுதலாம்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். இத்தேர்வு வழக்கமாக ஜனவரியில் நடைபெறும். விண்ணப்பங்கள் அதற்குச் சில மாதங்கள் முன்பே பெறப்படும். பொதுத்தேர்வு முடிவு வந்தபின் விசாரித்தால் ஓராண்டு வீணாகும். பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போதே உட்கார்ந்து பேசுங்கள்.