கருப்பூர் நாற்காலி: ஒரு துணைவேந்தரின் நான்கு வருடக் கதை

சேலத்திலிருந்து பெங்களூரு போகிற ரோட்டில் கருப்பூரைத் தாண்டியிருந்தால், பெரியார் பல்கலைக்கழகத்தைப் பார்த்திருப்பீர்கள். 1997-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரித்து உருவாக்கியது. சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நான்கு மாவட்டங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இதன் கீழ் வருகின்றன. ராசிபுரத்துத் தறிக்காரர் மகளுக்கும் சங்ககிரி லாரி டிரைவர் மகனுக்கும், வீட்டின் முதல் டிகிரி இங்கிருந்துதான் வருகிறது. அந்த சர்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போடுகிறவர் துணைவேந்தர்.

அந்த நாற்காலியில் 2021 முதல் 2025 வரை இருந்தவர் ஆர். ஜெகநாதன். வேளாண் துறையிலிருந்து வந்த பேராசிரியர். அவருடைய கதையை இந்த வாரம் எடுத்ததற்குக் காரணம், பதவியில் இருந்தபோதே கைதாகி, திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, பதவி நீட்டிப்பும் வாங்கிய துணைவேந்தர் அவர்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். இது புரியாமல் மீதிக் கதை புரியாது. துணைவேந்தர் பதவிக்குத் தேடுதல் குழு ஒன்று மூன்று பேர் பெயரைக் கொடுக்கும். அதில் ஒருவரை வேந்தர் நியமிப்பார். வேந்தர் என்றால் ஆளுநர். இணைவேந்தர், உயர்கல்வித் துறை அமைச்சர். நிதி தருவதும் சிண்டிகேட்டில் அதிகாரிகளை உட்கார வைப்பதும் மாநில அரசு. ஆக ஒரு துணைவேந்தருக்கு இரண்டு முதலாளிகள். இருவரும் பேசிக்கொள்ளும் வரை சிக்கல் இல்லை.

ஜெகநாதனை 2021-ல் நியமித்தவர் அப்போதைய ஆளுநர் பன்வாரிலால் புரோகித். தி.மு.க. ஆட்சிக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்த நேரம் அது. அதே செப்டம்பரில் ஆர்.என். ரவி ஆளுநராக வந்தார். 2022 ஏப்ரலில், துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை அரசே எடுத்துக்கொள்ளும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது. இரண்டு முதலாளிகளும் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சேலத்தில் முதல் சூடு கிளம்பியது 2022 ஜூலையில். எம்.ஏ. வரலாறு தேர்வில், தமிழ்நாட்டில் தாழ்ந்த சாதி எது என்று ஒரு கேள்வி. கீழே நான்கு சாதிப் பெயர்கள், சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம்! அதுவும் பெரியார் பெயர் வைத்த பல்கலைக்கழகத்தில். வினாத்தாளைத் தயாரித்தது வெளிப் பல்கலைக்கழக ஆசிரியர்கள், முன்கூட்டி நாங்கள் பார்ப்பதில்லை என்றது நிர்வாகம். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது.

அடுத்தது 2023 ஜூன் 28 பட்டமளிப்பு விழா. ஆளுநர் வருகிறார், கறுப்பு உடையில் வராதீர்கள் என்று பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை. போலீஸ் சொன்னதாகக் காரணம். கறுப்புச் சட்டைக்காரரின் பெயரில் இருக்கும் இடத்தில் கறுப்புக்குத் தடையா என்று எதிர்ப்பு கிளம்ப, சுற்றறிக்கை வாபஸ் ஆனது. இதை எழுதியவர் மெயின் கேட்டில் இருக்கும் பெயரை ஒரு தடவை படித்துவிட்டு எழுதியிருக்கலாம்.

இவையெல்லாம் தலைப்புச் செய்தியாகி மறைந்தவை. பெரிய விஷயம் 'பூட்டர் ஃபவுண்டேஷன்'. தொழில்முனைவோரையும் ஆராய்ச்சியையும் ஊக்குவிக்க என்று சொல்லித் துணைவேந்தர், பொறுப்புப் பதிவாளர் உள்ளிட்டோர் இயக்குநர்களாகப் பதிவு செய்த லாப நோக்கற்ற கம்பெனி. அரசின் முன் அனுமதி வாங்கவில்லை, பல்கலைக்கழக இடத்தையும் வசதியையும் பயன்படுத்தினார்கள் என்பது ஊழியர் சங்கத் தரப்பின் புகார். அதைக் கேட்டதற்கு மிரட்டியதாகவும் சாதியைச் சொல்லித் திட்டியதாகவும் கூடுதல் புகார். 2023 டிசம்பர் 26 அன்று போலீஸ் அவரைக் கைது செய்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவும் சேர்ந்தது. மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட்டவருக்கு இடைக்கால ஜாமீன் கிடைத்தது. குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கல்வி நிறுவனம் லாப நோக்கற்ற கம்பெனி வைப்பதே தப்பில்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் ஸ்டார்ட்அப் மையம் அப்படிப்பட்ட கம்பெனிதான். கேள்வி, யாரிடம் கேட்டு ஆரம்பித்தீர்கள் என்பது. 2018 பிப்ரவரியில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத் துணைவேந்தர் கணபதியை லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்த வழக்கு வேறு ரகம். உதவிப் பேராசிரியர் ஒருவரிடம் 30 லட்சம் லஞ்சம் என்ற குற்றச்சாட்டு, ரொக்கமும் காசோலையுமாக. சேலத்து வழக்கை அதோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை என்பது என் கருத்து. அதற்காக, அனுமதி கேட்காமல் கம்பெனி தொடங்கியதாகச் சொல்வதைச் சும்மா விடவும் முடியாது. அரசுப் பல்கலைக்கழகத்தின் கட்டடமும் கரண்டும் யார் பணம்?

2024 ஜனவரி 11 அன்று ஆளுநர் ரவி நேரில் பல்கலைக்கழகத்துக்கு வந்து துணைவேந்தரைச் சந்தித்தார். அன்றைக்கே போலீஸ் வளாகத்தில் சோதனையும் நடத்தியது. வெளியே மாணவர் அமைப்புகளின் கறுப்புக் கொடி. அதே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கு விசாரணைக்கு இடைக்காலத் தடை விதித்தது. பிப்ரவரியில் இன்னொரு மோதல். ஓய்வு பெறவிருந்த பொறுப்புப் பதிவாளரை சஸ்பெண்ட் செய்யுங்கள் என்று உயர்கல்வித் துறை கடிதம் எழுதியது. துணைவேந்தர் செய்யவில்லை. அவர் மாதக் கடைசியில் ஓய்வு பெற்றுப் போனார்.

அந்த ஜூனில் ஜெகநாதனின் மூன்று ஆண்டு முடிகிறது. அரசு தரப்பு எதிர்க்க, ஆளுநர் 2025 மே 19 வரை நீட்டிப்பு கொடுத்தார். ஒரு முதலாளி வழக்குப் போட, இன்னொரு முதலாளி நீட்டிப்புக் கொடுத்த விசித்திரம் இது.

அவர் பதவி முடிகிற நேரத்தில் நாற்காலியே யாருடையது என்ற சண்டை உச்சத்துக்குப் போயிருந்தது. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம், ஆளுநர் நிறுத்தி வைத்த 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்றது. துணைவேந்தர் நியமனம் அரசிடம் வந்தது. மே 19 அன்று ஜெகநாதன் விடைபெற்றார். இரண்டே நாளில், மே 21 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் அந்த நியமனச் சட்டங்களுக்கு இடைக்காலத் தடை போட்டது. புதியவரை நியமிக்க அரசாலும் முடியாமல், ஆளுநராலும் முடியாமல், கருப்பூர் நாற்காலி காலியாக நின்றது.